கேரட் அறைக்குள் காற்று எங்கே போகிறது? நீலகிரிக் குளிர் அறையைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு வழிகாட்டி

நீலகிரியில் குளிர் அறை வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு புகார்கள் சேர்ந்தே வரும். விசிறிக்கு நேர் எதிரே மேல் வரிசைக் கிரேட்டில் இருந்த கேரட் உறைந்துபோய், வெளியே எடுத்ததும் நீர்விட்டுத் துவண்டுவிடுகிறது. அதே அறையில், அதே நாளில், அடுக்கின் நடுவில் இருக்கும் கேரட் மூன்றாம் நாளும் குளிர்ந்தபாடில்லை. சுவரில் உள்ள டிஸ்பிளே மட்டும் 1 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கேஸ் குறைந்திருக்கிறது என்பார். சில நேரங்களில் அது உண்மைதான். பல நேரங்களில் கேஸ் சரியாகவே இருக்கும். காற்றுதான் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது.

காற்றின் வழியைக் கண்ணால் பார்க்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் நிறை, உந்தம், வெப்பம் ஆகியவற்றின் வரவு செலவைக் கணினியிடம் தீர்க்கச் சொல்வதுதான் சிஎஃப்டி எனப்படும் கணினிவழிப் பாய்ம இயக்கவியல். பொறியியல் முடித்து இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்கும் அதை எங்கே தொடங்குவது என்று இந்தக் கட்டுரை சொல்லும்.

எடுத்துக்காட்டாக ஓர் அறையை வைத்துக்கொள்வோம். கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவும் இடத்தை ஒட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளளவு 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். 100 மில்லிமீட்டர் பஃப் பேனல் (நடுவே பாலியூரித்தேன் நுரை வைத்த தகடு) சுவர். அகலச் சுவரில், கூரையை ஒட்டி, இரண்டு விசிறி கொண்ட ஒரு கூலிங் யூனிட். ஒவ்வொன்றிலும் 25 கிலோ வீதம் 400 கிரேட்டுகள்; மொத்தம் 10 டன் கேரட்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

“இந்த அறையை மாடல் செய்ய வேண்டும்” என்று தொடங்கினால் அது முடியவே முடியாது. “விசிறிக்கு எதிரே உள்ள மேல் கிரேட் ஏன் மைனஸுக்குப் போகிறது, அடுக்கை எப்படி மாற்றினால் அது நிற்கும்?” என்று தொடங்கினால் முடியும். எதை வரைய வேண்டும், எதை விட்டுவிடலாம், எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதையெல்லாம் கேள்விதான் தீர்மானிக்கிறது. உறைதல்தான் பிரச்சினை என்றால் விசிறியின் வாயிலிருந்து முதல் இரண்டு மீட்டரை மிகக் கவனமாக வரைய வேண்டும். நடு அடுக்குக் குளிரவில்லை என்றால் கிரேட்டுக்குள் காற்று எப்படி நுழைகிறது என்பதில் உழைப்பு போக வேண்டும். எடை குறைவதுதான் கவலை என்றால், ஈரப்பதத்தைக் கணக்கில் எடுக்காத கணினி மாதிரி (மாடல்) எதற்கும் உதவாது.

இரண்டாம் படி: டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்

கட்டட வரைபடத்தை நம்ப வேண்டாம். வரைபடத்தில் இல்லாத டியூப் லைட், கூரைக்குக் குறுக்கே ஓடும் உத்தரம், கூலிங் யூனிட்டுக்கு முன்னால் தொங்கும் குழாய் ஆகியவைதான் காற்றைத் திருப்பிவிடுகின்றன. கூரையை ஒட்டி வீசப்படும் காற்று, கூரையோடு ஒட்டிக்கொண்டே தூரம் போகும் இயல்புடையது. கோவாண்டா விளைவு என்று இதைச் சொல்வார்கள். வழியில் ஓர் உத்தரம் குறுக்கிட்டால் போதும், ஒட்டு விட்டுப் போய்க் குளிர்ந்த காற்று அப்படியே கீழே விழும். அது விழும் இடத்தில் இருக்கும் கிரேட்தான் உறைகிறது. ஆகவே கூரையில் துருத்திக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இடைவெளிகள். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே எவ்வளவு, வரிசைக்கும் வரிசைக்கும் எவ்வளவு, மேல் கிரேட்டுக்கும் கூரைக்கும் எவ்வளவு, பேலட்டுக்கு அடியில் எவ்வளவு. இவற்றைப் பொருள் ஏற்றிய அறையில்தான் அளக்க வேண்டும். காலி அறையில் அளந்து பயனில்லை. ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக அடுக்குவார்கள் என்பதால், சராசரியான ஒரு நாளையும் மோசமான ஒரு நாளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. தெர்மோஸ்டாட்டின் சென்சார் எங்கே இருக்கிறது? கம்ப்ரெஸர் நின்றதும் விசிறியும் நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா? யூனிட்டில் படிந்த பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஒரு நாளில் எத்தனை தடவை? கதவு எந்த நேரத்தில் அதிகம் திறக்கப்படுகிறது? மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றும் நேரத்தில் கதவு மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும் அறைகள் உண்டு. அந்த நேரத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

மூன்றாம் படி: இது மலை என்பதை மறக்காதீர்கள்

சமவெளியில் எழுதப்பட்ட பாடங்களைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் மலையில் தவறவிடுவது இதைத்தான். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவுதான். கடல் மட்டத்தில் 101. மென்பொருளில் அழுத்தத்துக்கான இடத்தில் 101325 என்ற எண் தானாகவே உட்கார்ந்திருக்கும். அதை மாற்றாமல் ஓட்டினால் நீங்கள் பார்ப்பது சென்னையில் உள்ள ஒரு குளிர் அறையைத்தான்.

வித்தியாசம் சிறியதல்ல. 2 டிகிரியில் கடல் மட்டக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.28 கிலோ, ஊட்டியில் 0.98. கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் கன அளவு ஏறக்குறைய மாறாது. அதில் உள்ள நிறைதான் குறைகிறது. வெப்பத்தைச் சுமப்பது நிறை என்பதால், அதே குளிர்ச்சிக்கு அதிகக் காற்று வேண்டும். யூனிட்டுக்குள் உள்ள குளிர்ந்த குழாய்ச் சுருளான காயிலைக் காற்று கடக்கும்போது 4 டிகிரி இறங்குகிறது, 4 கிலோவாட் வெப்பத்தை எடுக்க வேண்டும் என்றால் கடல் மட்டத்தில் மணிக்குச் சுமார் 2,800 கன மீட்டர் காற்று போதும். ஊட்டியில் அதற்கு 3,650 வேண்டும். குன்னூரும் கோத்தகிரியும் சற்றுக் கீழே இருப்பதால் அங்கே இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும். கேட்லாகில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துப் போட்ட யூனிட், மலைக்கு வந்ததும் ஏன் திணறுகிறது என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

மலையில் நமக்குச் சாதகமானதும் ஒன்று உண்டு. வெளி வெப்பநிலை குறைவு. சுவர் வழியாக வரும் வெப்பமும் குறைவு. ஆனால் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் வெளியே பூஜ்யத்தை ஒட்டிப் போகும்போது வெப்பம் உள்ளே வராமல் வெளியேகூடப் போகலாம். அந்த நேரத்தில் கம்ப்ரெஸர் அரிதாகவே ஓடும். விசிறி அதோடு சேர்ந்து நிற்கும் அமைப்பாக இருந்தால் அறைக்குள் காற்றோட்டமே இருக்காது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வேறு கதை: கதவைத் திறந்தாலே மூடுபனி உள்ளே நுழைகிறது, அந்த ஈரம் காயிலில் பனிக்கட்டியாகப் படிகிறது. ஆகவே ஒரே வெளி வெப்பநிலையை வைத்து ஆண்டு முழுவதற்கும் முடிவு சொல்லக் கூடாது.

நான்காம் படி: தாளில் ஒரு கணக்கு

கணினியைத் திறப்பதற்கு முன் கால்குலேட்டரில் வெப்பச் சுமையைப் போட்டுவிடுங்கள். பின்னால் கணினி தரும் விடை சரியா என்று உரசிப் பார்க்க இந்தத் தாள்தான் உரைகல்.

நம் அறையின் மொத்த உட்பரப்பு 108 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் பஃப் பேனல் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 0.22 வாட் கடத்தும். வெளியே 20, உள்ளே 1 என்றால் சுவர் வழியாக வருவது சுமார் 450 வாட். கேரட்டின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 3.9 கிலோஜூல். நாளொன்றுக்கு 2 டன் கேரட் 16 டிகிரியில் வந்து 1 டிகிரிக்கு இறங்க வேண்டும் என்றால், 24 மணி நேரச் சராசரியில் 1.35 கிலோவாட். கேரட் உயிருள்ள பொருள். அது சுவாசிக்கும்போதும் வெப்பம் வரும். பூஜ்யம் டிகிரியில் ஒரு டன்னுக்கு 30 முதல் 60 வாட், 20 டிகிரியில் 140 முதல் 280 வாட் வரை. 10 டன்னுக்கு அரை கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். விசிறி மோட்டார்கள் 0.3, கதவும் விளக்கும் ஆட்களுமாக 0.4. கூட்டினால் 3 கிலோவாட். டிஃப்ராஸ்ட், ஓய்வு போக இயந்திரம் நாளில் 18 மணி நேரம் ஓடும் என்றால் அதன் திறன் 4 கிலோவாட் இருக்க வேண்டும்.

பட்டியலில் பெரியது எது என்று பாருங்கள்: வயலிலிருந்து கேரட் சுமந்துவரும் சூடு. 10 டன்னையும் ஒரே நாளில் ஏற்றினால் அது மட்டுமே 6.8 கிலோவாட் ஆகிவிடும். 4 கிலோவாட் இயந்திரத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட அறையில் பிரச்சினை காற்றோட்டம் அல்ல, ஏற்றும் வேகம். அதைக் கண்டுபிடிக்கச் சிஎஃப்டி தேவையே இல்லை. இந்தத் தாளைக் காட்டி உரிமையாளரிடம் பேசிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஐந்தாம் படி: கிரேட் அடுக்கை எப்படி வரைவது

10 டன்னில் உள்ள ஒவ்வொரு கேரட்டையும் தனித்தனியாக வரைவது நடக்கிற காரியம் இல்லை. அடுக்கை ஒரு நுண்துளை ஊடகமாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அதாவது, காற்று நுழையும், ஆனால் எதிர்ப்புடன் நுழையும் ஒரு பெட்டி. அந்த எதிர்ப்பைக் கணக்கிட எர்கன் 1952இல் வெளியிட்ட சமன்பாடு இன்றும் கைகொடுக்கிறது. அதில் இரண்டு பகுதி உண்டு: பிசுக்குமையால் வரும் எதிர்ப்பு வேகத்தோடு நேராக ஏறும், நிலைமத்தால் வரும் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும்.

இங்கே எண்களைப் போட்டுப் பார்த்தால் அறையின் குணமே விளங்கிவிடும். கேரட்டுகளுக்கு நடுவே 40 சதவீதம் வெற்றிடம், சமான விட்டம் 3 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ள, ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 7 பாஸ்கல் அழுத்தம் வேண்டும். சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் அடுக்குக்கு வெளியே, இடைவெளியில், விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் போகும் காற்றிடம் இருக்கும் அழுத்தம் 0.04 பாஸ்கல்தான். அந்த அழுத்தத்தால் கிரேட்டுக்குள் தள்ள முடிவது விநாடிக்கு 2.5 மில்லிமீட்டர். வெளியே 30 சென்டிமீட்டர், உள்ளே கால் சென்டிமீட்டர். கிரேட்டின் பக்கச் சுவர்த் தடையை இன்னும் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அடுக்கின் நடுவில் உள்ள கேரட் சுற்றியுள்ள காற்றைவிட 3 டிகிரி சூடாக இருந்தால், அங்கே சூடான காற்று மிதப்பு விசையால் தானாக மேலே எழும். அந்த எழுச்சியின் வேகத்தைக் கணக்கிட்டால் விநாடிக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் வருகிறது. விசிறி உள்ளே தள்ளுவதைவிட இது இரண்டு மடங்கு. நடு அடுக்கைக் குளிர்விப்பது பெரும்பாலும் விசிறி அல்ல, இந்த மெல்லிய எழுச்சிதான். ஆகவே ஈர்ப்பு விசையை அணைத்துவிட்டு, “விசிறி இருக்கிறதே, மிதப்பு எதற்கு?” என்று மாதிரி ஓட்டினால் நடு அடுக்கின் வெப்பநிலை முற்றிலும் தப்பாக வரும். விசிறியின் வாயில் மிதப்பு விசையைப் புறக்கணிக்கலாம்; அறையின் கடைக்கோடியிலும் கிரேட்டுக்குள்ளும் அதுதான் ராஜா.

நுண்துளை ஊடகத்துக்கு இரண்டு வெப்பநிலைகள் கொடுங்கள்: காற்றுக்கு ஒன்று, கேரட்டுக்கு ஒன்று. காற்று நிமிடங்களில் குளிரும். கேரட் நாள்கணக்கில் குளிரும். இரண்டையும் ஒன்றாக்கினால் குளிரும் நேரத்தை மாதிரியால் சொல்ல முடியாது. 3 சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கேரட்டின் தோலுக்கும் நடுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்காது என்பதால், ஒரு கேரட்டுக்கு ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொள்ளலாம். முட்டைக்கோசுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கிரேட் இல்லாமல் சாக்கு மூட்டைகளை நெருக்கி அடுக்கியிருந்தால் அதைத் துளையுள்ள பொருளாக வரைவதில் அர்த்தமில்லை. திடப்பொருளாகவே வரைந்து, வெப்பக் கடத்தலை மட்டும் கொடுங்கள். முடிவு மோசமாகத்தான் வரும். அறையிலும் அப்படித்தான் இருக்கும்.

ஆறாம் படி: மென்பொருள், கட்டங்கள், கொந்தளிப்பு

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பல உண்டு. கற்றுக்கொள்ள ஓப்பன்ஃபோம் போதும். அது இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஃபாசி திட்டம் இதற்கான பயிற்சிப் பாடங்களைக் கட்டணமின்றித் தருகிறது. விடைகளைப் படமாகப் பார்க்கப் பாராவியூ. ஓப்பன்ஃபோமில் மிதப்பு விசையைச் சேர்த்துத் தீர்க்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதோடு வரும் பயிற்சி எடுத்துக்காட்டுகளில் சூடான அறை ஒன்று இருக்கும். அதை ஓடவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றி உங்கள் அறையாக்குவது, வெறும் தாளில் தொடங்குவதைவிட விரைவானது.

கட்டங்களின் அளவு பற்றி: 10 சென்டிமீட்டர் கட்டம் போட்டால் நம் அறைக்கு 72,000 கட்டங்கள், 5 சென்டிமீட்டர் என்றால் 5.76 லட்சம், 2.5 சென்டிமீட்டர் என்றால் 46 லட்சம். அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகும். நல்ல மடிக்கணினி ஒன்று ஐந்தாறு லட்சம் கட்டங்களைச் சமாளிக்கும். ஆனால் வரிசைகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கிறது. அங்கே 5 சென்டிமீட்டர் கட்டம் போட்டால் இரண்டே கட்டம் விழும், அதில் காற்றோட்டம் எதுவும் தெரியாது. இடைவெளிகளிலும் கூரையை ஒட்டியும் விசிறி வாயிலும் மட்டும் பொடியாக்கி, மற்ற இடங்களில் பெரிதாக விடுங்கள். இடைவெளிக்குக் குறுக்கே நான்கைந்து கட்டங்களாவது இருக்கட்டும். பிறகு, பெரிது, நடுத்தரம், பொடி என்று மூன்று அளவுக் கட்ட வலைகளில் ஓட்டி, நீங்கள் கவனிக்கும் இடங்களின் வெப்பநிலை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நடுத்தரத்துக்கும் பொடிக்கும் 0.3 டிகிரிக்குள் வித்தியாசம் இருந்தால் நடுத்தரமே போதும்.

காற்றின் ஒழுங்கற்ற சுழல்களைத் தோராயமாகக் கணக்கிடும் கொந்தளிப்பு மாதிரிகள் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். தொடக்கத்துக்குக் கே-எப்சிலான் மாதிரி போதும். அது முரட்டுத்தனமானது, ஆனால் எளிதில் கவிழாது. கூரையை ஒட்டிய காற்று எங்கே பிரிந்து விழுகிறது என்பதில் அது தடுமாறும். நீளமான அறைகளில் உண்மையைவிடத் தூரமாகப் போவதாகக் காட்டலாம். நம் கேள்வி அந்த இடத்தைப் பற்றியதே என்பதால், 1994இல் மென்ட்டர் உருவாக்கிய எஸ்எஸ்டி கே-ஒமேகா என்ற மாதிரியிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே கிரேட்டைக் கைகாட்டினால் தைரியமாகப் பேசலாம்.

ஏழாம் படி: எல்லை நிபந்தனைகள்

அறையின் விளிம்புகளில் என்ன நடக்கிறது என்று கணினிக்குச் சொல்வதுதான் எல்லை நிபந்தனை. கூலிங் யூனிட்டுக்குள் உள்ள குழாய், தகடு எதையும் வரைய வேண்டாம். ஒரு பக்கம் காற்றை இழுத்து, வெப்பத்தை எடுத்துவிட்டு, மறுபக்கம் தள்ளும் பெட்டியாக வையுங்கள். வெளிவரும் காற்றுக்கு நிலையான ஒரு வெப்பநிலை கொடுப்பது எளிது. ஆனால் அப்படிக் கொடுத்தால் இயந்திரத்துக்கு எல்லையற்ற திறன் கொடுத்ததாகிவிடும். திரும்பி வரும் காற்றின் வெப்பநிலையிலிருந்து 4 டிகிரி குறைத்து வெளியே விடு என்று கொடுங்கள். வேகத்தைக் கேட்லாகிலிருந்து எடுக்காமல், விசிறி வாயில் ஒன்பது புள்ளிகளிலாவது அளந்து கொடுங்கள். காயிலில் பனி படிந்த யூனிட்டின் காற்றளவு, புதிய யூனிட்டுடையதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். விசிறிக் காற்று சுழன்றுகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்தால், இரண்டு விசிறிக் காற்றும் ஏன் ஒரு பக்கமாகச் சாய்கின்றன என்பது தெரியும்.

சுவர்களுக்கு வெளி வெப்பநிலையும் 0.22 என்ற கடத்தல் எண்ணும். வெயில் படும் தகரக் கூரை இருந்தால் அங்கே வெளி வெப்பநிலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். தரைக்கு மண்ணின் வெப்பநிலை. கேரட்டுக்குச் சுவாச வெப்பம், அதுவும் வெப்பநிலைக்கு ஏற்ப ஏறி இறங்குவதாக.

எட்டாம் படி: ஓட்டுவதும் நம்புவதும்

முதலில் நேரம் மாறாத நிலைத்த ஓட்டம். அதில் காற்றின் பாதை வந்ததும், அந்தப் பாதையை அப்படியே வைத்துக்கொண்டு கேரட்டின் வெப்பநிலையை மட்டும் மணிக்கணக்கில் முன்னேற்றிப் பாருங்கள். கேரட் குளிரக் குளிர மிதப்பு எழுச்சி குறையும் என்பதால், அறைக் கணக்கில் சில மணி நேரத்துக்கு ஒரு முறை காற்றோட்டத்தையும் புதுப்பிக்க வேண்டும். இரண்டையும் எப்போதும் சேர்த்தே தீர்த்தால் மூன்று நாள் குளிர்ச்சியைப் பார்க்கக் கணினி வாரக்கணக்கில் ஓடும்.

கணக்கில் மீதமுள்ள பிழையைத் திரையில் காட்டும் கோடுகள் இறங்கிவிட்டன என்பதால் விடை சரி என்று ஆகிவிடாது. சுவர், கேரட், விசிறி வழியாக உள்ளே வரும் வெப்பத்தையும் காயில் வெளியே எடுக்கும் வெப்பத்தையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். ஒரு சதவீதத்துக்குள் சமமாக வேண்டும். பிறகு நான்காம் படியில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். சுவர் வழியாக 450 வாட் வர வேண்டிய இடத்தில் 4,500 என்று வந்தால் எங்கோ ஒரு புள்ளி இடம் மாறியிருக்கிறது. நிறப்படங்கள் அழகாக இருக்கும். தப்பான விடைக்கும் அதே அழகு வரும்.

ஒன்பதாம் படி: அறையில் போய் உரசிப் பார்த்தல்

வெப்பநிலையைத் தானாகப் பதிவுசெய்யும் லாகர்கள் பன்னிரண்டு இருந்தால் நல்ல தொடக்கம். அவற்றை அறை முழுக்கச் சமமாகத் தூவ வேண்டாம். மாதிரி எங்கே மிகக் குளிர் என்கிறதோ அங்கே இரண்டு, எங்கே மிகச் சூடு என்கிறதோ அங்கே இரண்டு, காயிலுக்குள் போகும் வழியிலும் வெளிவரும் வழியிலும் ஒவ்வொன்று. மீதியைக் கதவுப் பக்கத்திலும் நடு அடுக்கிலும் வையுங்கள். கிரேட்டில் வைக்கும் சென்சாரைக் கேரட்டுக்குள் குத்தி வையுங்கள். கம்ப்ரெஸர் ஓடி நிற்பதற்கேற்பக் காற்றின் வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கேரட்டின் உள் வெப்பநிலைதான் நிதானமானது.

வைப்பதற்கு முன் எல்லா லாகர்களையும் ஒரே வாளியில், பொடித்த பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குழம்பில், அரை மணி நேரம் போட்டு எடுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு பின்னால் கழித்துவிடலாம். கொதிநீரில் 100 டிகிரி பார்த்துச் சரிசெய்யும் வழக்கத்தை மலையில் மறந்துவிடுங்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. பனிக்கட்டியின் உருகுநிலை மட்டும் எந்த உயரத்திலும் கிட்டத்தட்ட அதேதான்.

காற்றின் வேகத்தை, சூடேற்றிய மெல்லிய கம்பி கொண்ட ஹாட் வயர் அனிமோமீட்டரில் அளக்கலாம். ஆனால் விநாடிக்கு 10, 15 சென்டிமீட்டருக்குக் கீழே அந்தக் கருவியின் சூடே தன் பங்குக்கு ஒரு காற்றோட்டத்தை உண்டாக்கிவிடும். அந்த எண்களை நம்ப முடியாது. அத்தகைய மூலைகளில் திசை தெரிந்தால் போதும் என்று மெல்லிய டிஷ்யூ தாள் கீற்றுகளைக் கிரேட் விளிம்பில் ஒட்டிவிட்டுப் பாருங்கள். ஊதுபத்திப் புகையும் வழி காட்டும். காலி அறையில் மட்டும் செய்யுங்கள், கேரட்டில் சாம்பிராணி மணம் ஏறினால் மண்டியில் பதில் சொல்ல முடியாது.

லாகருக்கும் மாதிரிக்கும் ஒரு டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் முதல் முயற்சிக்கு நன்று. அதைவிட முக்கியம், எந்த கிரேட் குளிர், எந்த கிரேட் சூடு என்ற வரிசை இரண்டிலும் ஒத்துப்போவது. வரிசை ஒத்துப்போகவில்லை என்றால் கொந்தளிப்பு மாதிரியை நோண்டாதீர்கள். அறைக்குத் திரும்பிப் போய் இடைவெளிகளை மறுபடியும் அளவெடுங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஈரப்பதம் பற்றிச் சுருக்கமாக

கேரட்டுக்கு 95 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். பூஜ்யம் டிகிரியில் காற்று தாங்கக்கூடிய ஆவியழுத்தம் 611 பாஸ்கல். 95 சதவீதத்தில் 31 பாஸ்கல் பற்றாக்குறை. 85 சதவீதத்தில் 92 பாஸ்கல். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். கேரட் இழக்கும் நீர் மூன்று மடங்காகிறது. காயில் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு ஈரத்தைக் காற்றிலிருந்து பிடுங்கும். எனவே பெரிய காயில், சிறிய வெப்பநிலை இறக்கம் என்பது ஈரத்தைக் காக்கவும் உறைதலைத் தவிர்க்கவும், இரண்டு வகையில் நல்லது. மாதிரியில் நீராவிக்கு ஒரு சமன்பாட்டைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. வெப்பநிலை ஒத்துவந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பேரிக்காயை இதே அறையில் வைக்கலாமா என்று ஒருவராவது கேட்பார். வேண்டாம். பேரிக்காய் விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசந்துவிடும். வெப்பநிலைப் படத்தில் அது தெரியாது. உருளைக்கிழங்கையும் சேர்க்க வேண்டாம். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுக்கும்போது கருத்துப்போகும்.

பத்தாம் படி: மாற்றிப் பார்த்தல்

இவ்வளவு உழைத்தது இதற்காகத்தான். அறையில் கிரேட் நகர்த்த அரை நாள் ஆகும். கணினியில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

முதலில் உறையும் கிரேட். தெர்மோஸ்டாட் திரும்பி வரும் காற்றை 1 டிகிரியில் பிடிக்கிறது. காயில் 4 டிகிரி இறக்குகிறது. ஆகவே வெளிவரும் காற்று மைனஸ் 3. கேரட் மைனஸ் 1.4இல் உறையத் தொடங்கும். டிஸ்பிளே பொய் சொல்லவில்லை, அது வேறு இடத்தைக் காட்டுகிறது. இங்கே மாதிரியில் சோதிக்க வேண்டியவை மூன்று: விசிறிக்கு எதிரே முதல் இரண்டு வரிசைகளில் மேலிருந்து இரண்டு கிரேட் குறைப்பது, காற்றின் அளவை இரட்டித்து இறக்கத்தை 2 டிகிரி ஆக்குவது (அப்போது வெளிவரும் காற்று மைனஸ் 1இல் நிற்கும்), தெர்மோஸ்டாட்டில் வைத்த வெப்பநிலையான செட் பாயின்ட்டைக் கொஞ்சம் ஏற்றுவது. முதலாவது செலவில்லாதது, இரண்டாவது மின்கட்டணத்தை ஏற்றும், மூன்றாவது நடு அடுக்கை இன்னும் சூடாக்கும். மாதிரி மூன்றுக்கும் எண் கொடுக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உரிமையாளரின் வேலை. என்னைக் கேட்டால் கிரேட்டைக் குறைப்பதில் தொடங்குவேன்.

அடுத்து நடு அடுக்கு. வரிசைகளைக் காற்று போகும் திசைக்கு இணையாகத் திருப்புவது, சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் விடுவது, கிரேட் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வருமாறு அடுக்குவது எல்லாம் ஓரளவு உதவும். நிஜமாகவே விரைவாகக் குளிர வேண்டும் என்றால், புதிதாக வந்த 2 டன்னுக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவை: இரண்டு வரிசைகளை நடுவில் இடைவெளி விட்டு நிறுத்தி, அந்த இடைவெளியின் மேலும் ஒரு முனையும் தார்பாயால் மூடி, மறுமுனையில் ஒரு விசிறியை வைத்து இழுப்பது. காற்றுக்குக் கிரேட் வழியாக நுழைவதைத் தவிர வேறு வழி இருக்காது. 50 பாஸ்கல் அழுத்தம் கிடைத்தால், ஒரு மீட்டர் ஆழமுள்ள அடுக்கின் ஊடே விநாடிக்கு 29 சென்டிமீட்டர் என்று எர்கன் கணக்கு சொல்கிறது. கிரேட் சுவர்த் தடையால் அதில் கணிசமாகக் குறைந்தாலும், முன்பு இருந்த இரண்டரை மில்லிமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேரட் குளிர்ந்ததும் அந்த விசிறியை நிறுத்திவிட வேண்டும், ஓடவிட்டால் வாடும்.

தேறிய அமைப்பை உறைபனி இரவுக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் லாரி ஏற்றும் நாளுக்கு ஒரு முறை ஓட்டிவிட்டு அறையில் நடைமுறைப்படுத்துங்கள். அதே லாகர்களை அதே இடங்களில் இன்னொரு வாரம் வையுங்கள். உரிமையாளருக்கு நிறப்படத்தோடு ஒரு பக்கத் தாளும் கொடுங்கள்: எந்த வரிசையில் எத்தனை கிரேட், எங்கே எவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளிகளைத் தரையில் மஞ்சள் பெயின்ட் கோடாகவும், உயர வரம்பைச் சுவரில் சிவப்புக் கோடாகவும் போட்டுவிடுங்கள். இரவில் லாரி வந்து நிற்கும்போது சுமை இறக்குகிறவர்கள் தாளைத் தேட மாட்டார்கள்.